பக்கத்துலதான் கேரளா... ஆனா, 'வேணாம்'னு சொன்னா சாயா வந்துடும்! - பயணத்துக்குத் தேவையான மலையாளம்

திருவண்ணாமலைக்குப் போறேன்னு சொன்னா, தமிழ்நாட்டில் பலருக்கும் கிரிவலம்தான் ஞாபகம் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம்காரங்களுக்கோ அது பக்கத்துலேயே இருக்கிற சீனிவாசப் பெருமாள் மலைக்கோயில், புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டம். பேர் ஒண்ணு, இடம் ரெண்டு.

தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவுலயும் இதே கதைதான். வார்த்தை ஒண்ணா இருக்கும், அர்த்தம் வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடும்.

இந்த ஊர்க்காரங்களுக்கு கேரளா ரொம்ப தூரமும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியா ஓடுற தேசிய நெடுஞ்சாலை 744, தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர்னு தொட்டுக்கிட்டு கொல்லத்துலதான் போய் முடியுது. செங்கோட்டை மலைப்பாதையில 1904-ல் வந்த மீட்டர் கேஜ் ரயில் பாதை, அகலப்பாதையா மாறி 2018-ல் முழுசா திறந்தாச்சு. பாலருவியில் குளிக்க, தென்மலை அணையைப் பார்க்க, மாலை போட்டு ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலைனு போக... ஏதாவது ஒரு காரணத்துக்கு நீங்க அந்தப் பக்கம் போகத்தான் போறீங்க.

'தமிழ்ல பேசினாலே புரிஞ்சுக்குவாங்களே'ன்னு நினைக்கிறீங்களா? உண்மைதான், நிறைய பேருக்குப் புரியும். ஆனா, அவங்க பேசுறது உங்களுக்குப் புரியணுமே! அதுவும் ராத்திரி நேரத்து ஆஸ்பத்திரியில, பஸ்ஸைத் தவறவிட்ட ஸ்டாப்ல, 'ஏதோ புரிஞ்ச மாதிரி இருக்கு' என்பது போதாது.

முதல்ல, ஏமாத்துற வார்த்தைகள்!

புதுசா மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி, ஏற்கெனவே தெரியும்னு நாம நினைக்கிற இந்த வார்த்தைகளைச் சரி பண்ணிக்கோங்க.

வேணம்: இதுக்கு 'வேணும்'னு அர்த்தம். கடையில "சாய வேணோ?"ன்னு கேட்கும்போது, நம்ம பாணியில "வேணாம்"னு சொன்னா, அவங்க காதுல 'வேணம்'னு விழ வாய்ப்பு அதிகம். சாயா வந்துடும். வேண்டாம்னா, "வேண்டா" என்று சொல்லுங்க.

வெள்ளம்: தண்ணீர். "வெள்ளம் உண்டோ?"ன்னா, 'தண்ணி இருக்கா?'

மதி: போதும். இலையில சோறு குவியும்போது சொல்ல வேண்டிய ஒரே வார்த்தை.

இரிக்கூ: உட்காருங்க. 'இருங்க, வர்றேன்'னு காத்திருக்கச் சொல்றதா நினைச்சு நின்னுக்கிட்டே இருக்காதீங்க.

அவசரம்: அங்கே இதுக்கு 'வாய்ப்பு'ன்னு அர்த்தம். சீக்கிரம் வேணும்னா "பெட்டென்னு" என்று சொல்லணும்.

சம்சாரம்: பேச்சு. யாராவது 'சம்சாரிக்கணம்'னு சொன்னா, உங்ககிட்ட பேசணும்னு சொல்றாங்க. வீட்டுக்காரம்மாவைப் பத்தி எதுவும் கேட்கலை.

குழப்பமில்லா: பிரச்னை இல்லை, பரவாயில்லை.

பட்டி: நாய். கோவில்பட்டி, உசிலம்பட்டினு ஊர்ப் பேர் சொல்லும்போது எதிர்ல இருக்கிறவர் லேசா சிரிச்சா, காரணம் இதுதான். தப்பா எடுத்துக்காதீங்க.

கூப்பிடுறதுலதான் மரியாதை

நமக்கு 'நீங்க'ன்னா மரியாதை. மலையாளத்துல 'நிங்ஙள்'னு ஒரு வார்த்தை இருக்கு. ஆனா, வயசுல மூத்தவங்களை நேருக்கு நேர் அப்படிச் சொன்னா, கொஞ்சம் வெடுக்குனு இருக்கும். அதனால, உறவு வெச்சுக் கூப்பிடுறதுதான் பாதுகாப்பு. ஆண்களை 'சேட்டா', பெண்களை 'சேச்சி'. அலுவலகம், ஆஸ்பத்திரின்னா 'சார்', 'மேடம்' போதும்.

இன்னொண்ணு... 'பறயூ'ன்னா 'சொல்லுங்க'. அதையே 'பறயணே'ன்னு இழுத்தா, 'கொஞ்சம் சொல்லுங்களேன்'ங்கிற பணிவு வந்துடும். 'தரணே', 'நிர்த்தணே' எல்லாம் அதே ரகம்.

இலக்கணம் பயப்படுத்தாது

போனேன், போனாய், போனான், போனாள், போனார்கள்னு தமிழ்ல ஆளுக்கு ஆள் வினைச்சொல் மாறும். மலையாளத்துல அந்தத் தொல்லையே இல்லை. ஞான் போயி, நீ போயி, அவன் போயி, அவர் போயி... எல்லாருக்கும் 'போயி' மட்டும்தான்!

கேள்வி கேட்க, கடைசியில ஓகாரம் சேர்த்தா போதும். உண்டு - இருக்கு, உண்டோ? - இருக்கா? ரூம் உண்டோ, பஸ் உண்டோ, சார்ஜர் உண்டோன்னு இந்த ஒரு சொல்லை வெச்சே பாதிப் பயணத்தை ஓட்டிடலாம். பதில் 'உண்டு' அல்லது 'இல்லா'.

பஸ்ஸிலும் ரோட்டிலும்

- பஸ் ஸ்டாண்ட் எவிடெயா? - பஸ் ஸ்டாண்ட் எங்கே இருக்கு?
- ஈ பஸ் புனலூர் போகுமோ? - இந்த பஸ் புனலூர் போகுமா?
- தென்மல எத்தும்போள் பறயணே - தென்மலை வந்ததும் சொல்லுங்க
- இவிடெ நிர்த்தணே - இங்கே நிறுத்துங்க
- இடத்தோட்டு, வலத்தோட்டு, நேரே - இடப்பக்கம், வலப்பக்கம், நேரா

கடையிலும் ஹோட்டலிலும்

- எத்ர ரூபாயா? - எவ்வளவு ரூபாய்?
- சூடு வெள்ளம் தரணே - சுடுதண்ணி கொடுங்க
- எரிவு குறச்சு மதி - காரம் கம்மியா போதும்
- பஞ்சசார வேண்டா - சர்க்கரை வேண்டாம். டீக்கடையில 'வித்தவுட்'னு சொன்னாலும் சர்க்கரை இல்லாத சாயா கிடைக்கும்.

எண்கள்ல கவலையே வேண்டாம். ஒன்னு, ரண்டு, மூன்னு, நாலு, அஞ்சு... நூறு, ஆயிரம் வரைக்கும் நம்ம காதுக்குப் பழகினதுதான்.

இதை மட்டும் கண்டிப்பா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க!

சாயா தப்பா வந்தா குடிச்சுட்டுப் போயிடலாம். உடம்பு சரியில்லாதப்போ தப்பா புரிஞ்சுக்கிட்டா? கூட வந்த அப்பாவுக்கோ, குருசாமிக்கோ மலைப்பாதையில ஏதாவது ஆச்சுன்னா, கைகொடுக்கப்போறது இந்தச் சில வரிகள்தான்.

- பனி - காய்ச்சல். 'பனியுண்டோ?'ன்னு நர்ஸ் கேட்டா, வெளியே குளிரா இருக்கான்னு விசாரிக்கலை, காய்ச்சல் இருக்கான்னு கேட்கறாங்க.
- நெஞ்சு வேதன - நெஞ்சு வலி
- ஸ்வாசம் முட்டல் - மூச்சுத்திணறல்
- தலகறக்கம் - தலைச்சுற்றல்
- டாக்டரெ காணணம் - டாக்டரைப் பார்க்கணும்
- ஒன்னு சகாயிக்காமோ? - கொஞ்சம் உதவி பண்ண முடியுமா?
- ஆம்புலன்ஸ் விளிக்கணே - ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. 108 கேரளாவிலும் வேலை செய்யும்; அவசர உதவிக்கு நாடு முழுக்க 112.

மருந்து வாங்கும்போது இன்னும் கவனம். குளிகன்னா மாத்திரை. 'ரண்டு குளிக'ன்னா ரெண்டு மாத்திரை, ரெண்டு தடவை குளிக்கச் சொல்லலை. ராவிலெ காலை, உச்சைக்கு மதியம், ராத்ரி இரவு. பக்ஷணத்தினு மும்பு சாப்பாட்டுக்கு முன்னாடி, பக்ஷணத்தினு சேஷம் சாப்பாட்டுக்கு அப்புறம். சந்தேகம் இருந்தா, மாத்திரை அட்டை மேலயே எழுதித் தரச் சொல்லுங்க. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறவங்க, 'ஷுகர் உண்டு', 'பி.பி உண்டு'ன்னு முதல்லயே சொல்லிடுங்க.

போன் இருக்கே, எதுக்கு இதெல்லாம்?

மொழிபெயர்ப்பு ஆப் நல்ல துணைதான். மலையாளத்துல எழுதின பஸ் போர்டைக் கேமராவுல காட்டினா, படிச்சு மாத்திக் கொடுக்கும். ஆனா, மலைப்பாதையில சிக்னல் போகலாம், சார்ஜ் தீரலாம். கண்டக்டரும் உங்க ஆப் திறக்குற வரைக்கும் காத்திருக்க மாட்டார். அதனால போர்டு படிக்க போன், பேச வாய்னு பிரிச்சு வெச்சுக்கோங்க.

ஒரே நாள்ல எல்லாத்தையும் மண்டையில ஏத்த வேண்டாம். கிளம்புறதுக்கு முந்தின வாரம் தினம் அஞ்சு வார்த்தை போதும். செங்கோட்டைக்காரங்க யாராவது நண்பர்களா இருந்தா, அவங்ககிட்ட பேசிப் பாருங்க. 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவாங்கூர் - கொச்சியோட இருந்த ஊர் அது; ரெண்டு மொழியும் புழங்குறவங்க அங்கே உண்டு.

எதுவுமே ஞாபகம் வரலையா? இந்த மூணு வரியை மட்டும் பிடிச்சுக்கோங்க. "எனிக்கு மலையாளம் குறச்சே அறியூ" - எனக்கு மலையாளம் கொஞ்சம்தான் தெரியும். "மனசிலாயில்லா" - புரியலை. "பதுக்கெ பறயாமோ?" - மெதுவா சொல்ல முடியுமா?

புரியலைன்னா தலையாட்டாம, 'மனசிலாயில்லா'ன்னு தைரியமா சொல்லுங்க. எதிர்ல இருக்கிறவர் நிறுத்தி நிதானமா, முடிஞ்சா தமிழ்லயே, திரும்பச் சொல்வார். சொன்னதும் மறக்காம ஒரு "நன்னி, சேட்டா!"