தாலிக்கு அத்தாட்சி

நம் ஊர்க் கலியாணத்துக்கு அத்தாட்சி என்ன? தாலி இருக்கிறது. மேளச் சத்தம் கேட்டுக் கூடிய ஊர் இருக்கிறது. சாம்பாரில் உப்புக் குறைந்துபோனதை இருபது வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டச் சம்பந்தி வீட்டார் இருக்கிறார்கள். இதற்கு மேல் காகிதம் எதற்கு? நம் பாட்டிமார் யாரும் கலியாணச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதில்லை. உள்ளூரில் இருந்தவரை அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை. கப்பலேறிக் கடல் தாண்டிய பிறகுதான், துறைமுகத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த உத்தியோகஸ்தர், "இவள் உன் மனைவி என்பதற்கு என்ன ருசு?" என்று கேட்டார்.

இன்று அமெரிக்காவில் பச்சை அட்டைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளிடமும் இதே கேள்விதான் கேட்கப்படுகிறது. அவர்கள் கலியாண ஆல்பத்தையும் பாங்குக் கணக்கையும் வீட்டு வாடகைச் சீட்டையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கேள்வி புதிதல்ல. இதே கேள்வியினால் 1913-ஆம் வருஷம் ஒரு தேசமே கலங்கியது. அந்தக் கதையில் நம் தமிழ்ப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ந் தேதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அது. ஒப்பந்தம் முடிந்த பிறகு பலர் அங்கேயே தங்கினார்கள். பின்னாலேயே குஜராத்திலிருந்து வியாபாரிகளும் போனார்கள். கூலி வேண்டும், கூலிக்காரன் குடியிருக்கக் கூடாது என்பது வெள்ளைக்காரர்களின் எண்ணம். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது வருஷத்துக்கு 3 பவுன் வரி போட்டார்கள். 1897-ல் நேட்டாலில் வந்த சட்டமோ, புதிதாக வருகிறவன் ஐரோப்பிய பாஷை ஒன்றில் எழுதிக் காட்ட வேண்டும் என்றது. அங்கே ஏற்கெனவே குடியேறியவனின் மனைவிக்கும் சிறு குழந்தைகளுக்கும் மட்டும் விலக்கு இருந்தது.

ஆக, ஒரு குடும்பம் ஒன்று சேர்வது 'மனைவி' என்ற ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லும் அதிகாரம் கோர்ட்டுக்கு இருந்தது.

கேப் மாகாணத்தில் குடியிருந்த ஹஸன் ஈசப் என்பவர் இந்தியா வந்து மரியம் பாயை இஸ்லாமிய முறைப்படி மணந்துகொண்டார். பிறகு அவரைத் தம்மோடு அழைத்துக்கொள்ள விரும்பினார். துறைமுகத்தில் அனுமதி கிடைக்கவில்லை. வழக்கு கேப் கோர்ட்டுக்குப் போயிற்று. 1913 மார்ச் 14-ந் தேதி நீதிபதி ஸர்ல் தீர்ப்புச் சொன்னார்: மரியம் பாய், சட்டம் கருதும் மனைவி அல்ல.

கிறிஸ்தவ முறைப்படி நடக்காத விவாகம் செல்லாது என்று தீர்ப்பானதாகப் பல புத்தகங்களில் சுருக்கமாக எழுதியிருக்கிறார்கள். விஷயம் இன்னும் விசித்திரமானது. ஈசப்புக்கு இரண்டாவது மனைவி இருந்தாளா என்பது கேள்வியே அல்ல. இரண்டாவது மனைவியை அனுமதிக்கும் மதத்தின்படி நடந்த கலியாணம் கலியாணமே ஆகாது என்பதுதான் வாதம். இந்த வாதம் பிறந்த இடம் இங்கிலாந்து. அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்தில் மார்மன் முறைப்படி மணந்த ஹைட் என்ற ஆங்கிலேயர் விவாகரத்துக் கேட்டு லண்டன் கோர்ட்டுக்குப் போனார். அவருக்கும் ஒரே மனைவிதான். பல தாரம் கொள்ள இடமுள்ள விவாகத்தை எங்கள் சட்டம் விவாகமாக ஏற்காது என்று 1866-ல் நீதிபதி பென்ஸான்ஸ் தீர்ப்பளித்தார். எங்கேயோ யூட்டாவில் நடந்த ஒரு கலியாணம், அரை நூற்றாண்டு கழித்து, தென்னாப்பிரிக்காவில் இருந்த நம் பெண்களின் தாலியைத் தொட்டது.

இந்தியாவில் ஹிந்துக்களுக்கு ஒரே மனைவி என்று சட்டம் வந்தது 1955-ல். ஆகவே 1913-ல் ஹிந்து விவாகங்களுக்கும் அதே கதிதான். அக்கினி சாட்சியாக மணந்தவளும், நிக்காஹ் செய்துகொண்டவளும், ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் வெறும் 'கூட இருப்பவள்' ஆனார்கள். பிள்ளைகளின் சொத்துரிமையும் ஆட்டம் கண்டது. சட்டத்தைத் திருத்தித் தரும்படி காந்தி சர்க்காரைக் கேட்டார்; சரியான பதில் கிடைக்கவில்லை. அதுவரை பெண்களைச் சிறைக்கு அனுப்பத் தயங்கிய அவர் இப்போது தயங்கவில்லை. கஸ்தூரிபா உட்படப் பதினாறு பேர் செப்டம்பர் 15-ந் தேதி பீனிக்ஸிலிருந்து புறப்பட்டு, அனுமதியின்றி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தார்கள். மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது.

டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்களின் கதை இதைவிட ருசிகரம். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ் பேசும் குடும்பத்தினர். ஆறு பேர் கையில் பச்சைக் குழந்தை. ஜெயிலுக்குப் போவதற்கு அவர்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. எல்லையைத் தாண்டிப் பார்த்தார்கள். போலீஸ் திரும்பிப் பார்க்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் கூவி விற்றார்கள். அதற்கும் கைது இல்லை. கடைசியில் நேட்டாலுக்குள் நுழைந்து, நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். அங்கே வேலை செய்த நம்மவர்களிடம் 3 பவுன் வரியைப் பற்றிப் பேசினார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் தமிழில் நியாயம் கேட்டால், எந்தச் சுரங்கத் தொழிலாளி மண்வெட்டியைக் கீழே போடாமல் இருப்பான்? வேலை நிறுத்தம் காட்டுத் தீயாகப் பரவியது. இப்போது போலீஸுக்குக் கண் தெரிந்துவிட்டது. அக்டோபர் 21-ந் தேதி அவர்கள் கைதானார்கள். மாரிட்ஸ்பர்க் ஜெயிலில் மூன்று மாதம். மோசமான சாப்பாடு, துணி வெளுக்கும் வேலை.

நவம்பர் 6-ந் தேதி காந்தியின் பின்னால் எல்லையை நோக்கி நடந்தவர்களின் கணக்கு இருக்கிறது: 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். அந்த யாத்திரையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்குத் தோன்றுவது, அதன் திரியில் நெருப்பு வைத்தவர்களைப் பற்றிப் போதிய அளவு எழுதவில்லை என்பதே.

பின்னால் சேர்ந்த ஜோகன்னஸ்பர்க் பெண் வள்ளியம்மைக்கு வயது பதினாறு. ஜெயிலிலிருந்து விஷ ஜுரத்தோடு வெளியே வந்தாள். 1914 பிப்ரவரி 22-ந் தேதி இறந்தாள். கலியாணமே ஆகாதவள். அவள் பெற்றோரின் பூர்வீக ஊரான தில்லையாடிக்கு 1915-ல் காந்தி போய் வந்தார்.

1914-ல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுன் வரி ஒழிந்தது. இந்திய மத முறைப்படி நடந்த கலியாணத்தில் ஒரு மனைவி அங்கீகரிக்கப்பட்டாள். ஆனால் அந்தத் தேசத்தில் அவனுக்கு வேறு மனைவி இருக்கக் கூடாது. நம் புரோகிதர்களையும் மௌல்விகளையும் விவாக அதிகாரிகளாக நியமிக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. குடியிருப்புச் சான்றிதழில் உள்ள பெருவிரல் ரேகை கொண்டுவந்தவனின் ரேகையோடு ஒத்துப் போனால் அதற்கு மேல் விசாரணை இல்லை. பல வருஷம் ரேகை வைக்க மாட்டோம் என்று போராடியவர்களுக்குக் கடைசியில் ரேகையே துணையாக வந்தது!

காகிதம் அத்தோடு ஓயவில்லை. சாம்ராஜ்யத்தின் எந்தப் பகுதியில் குடியேறிய இந்தியனும் ஒரு மனைவியையும் அவள் குழந்தைகளையும் அழைத்துக்கொள்ளலாம், ஆனால் இந்திய சர்க்கார் ஒவ்வொருவருக்கும் அத்தாட்சி கொடுக்க வேண்டும் என்று 1918-ல் லண்டன் மாநாடு தீர்மானித்தது. 1953-ல் தென்னாப்பிரிக்க சர்க்கார் இந்தியாவிலிருந்து மனைவியை அழைத்துவரும் அந்த வழியையே சட்டம் போட்டு அடைத்தது. அத்தாட்சிக்கும் வேலையில்லாமல் போயிற்று.

அந்தப் பதினொரு பெண்களின் ஜாபிதாவை காந்தி தம் தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரக நூலில் கொடுத்திருக்கிறார். ஸ்ரீமதி தம்பி நாயுடு, ஸ்ரீமதி என். பிள்ளை, ஸ்ரீமதி பி. கே. நாயுடு, ஸ்ரீமதி சின்னசாமி பிள்ளை என்று போகிறது அது. தம்பி நாயுடுவின் மனைவி பெயர் வீரம்மாள். அதை வேறு இடத்தில்தான் தேடிப் பிடிக்க வேண்டும். மனைவி என்ற பட்டத்துக்காக ஜெயிலுக்குப் போன ஒன்பது பேரும் அந்தப் பட்டத்தோடு மட்டுமே ஜாபிதாவில் இருக்கிறார்கள். சொந்தப் பெயரோடு இருப்பவர்கள் கலியாணமாகாத இரண்டு பெண்கள். ஒருத்தி மீனாட்சி. இன்னொருத்தி பெயர் ஆங்கில எழுத்தில் 'பைக்கும்' என்று இருக்கிறது, பாக்கியமாக இருக்கலாம்.