மேல்முறையீட்டில் நிலைத்த தீர்ப்பு: கோகுல்ராஜ் வழக்கு கற்பிப்பது

திருத்தணியில் மாணவர்களோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குறித்து உரையாடும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: “கீழமை நீதிமன்றம் தண்டித்தாலும் மேலே போய் விடுதலை ஆகிவிடுவார்களே?” இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட வழக்கில், தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. எனவே, ஒரு தீர்ப்பு மேலே சென்று நிலைப்பது எதனால் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

மேல்முறையீடு என்பது மறுவிசாரணை ஆகாது. வழக்கமாகச் சாட்சிகள் மீண்டும் அழைக்கப்படுவதில்லை. விசாரணை நீதிமன்றத்தில் பதிவான சாட்சியங்களையும் ஆவணங்களையும் உயர் நீதிமன்றம் மறுமதிப்பீடு செய்கிறது. தண்டனையை எதிர்த்த மேல்முறையீட்டில், குற்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டதா என முழுமையாக ஆராய்கிறது. விடுதலையை எதிர்த்த மேல்முறையீட்டிலோ தடை பெரிது. இரு முடிவுகளுக்கு இடமிருந்தால் விடுதலையைக் குலைக்கக் கூடாது என்று சந்திரப்பா வழக்கில் (2007) உச்ச நீதிமன்றம் வரையறுத்தது.

இவை அனைத்தையும் ஒரே வழக்கில் காணலாம். ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று தோழியுடன் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குச் சென்றபோது கடத்தப்பட்டார். மறுநாள் தண்டவாளத்தில் அவரது உடல் கிடைத்தது. தாயார் போராடி வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றச் செய்தார். 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, ஐவர் விடுவிக்கப்பட்டனர்.

மேல்முறையீடுகளை நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் அமர்வு விசாரித்தது. விசாரணையில் பிறழ்ந்திருந்த முதன்மைச் சாட்சியை அமர்வு மீண்டும் வரவழைத்தது. அவர் காணொளியில் இருப்பது தாம் அல்ல என்று மறுத்தபோது, நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை தொடங்கியது. 2023 ஜனவரியில் நீதிபதிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் சென்று பார்வையிட்டனர். இவை அரிதாகப் பயன்படுத்தப்படும் அதிகாரங்கள்.

2023 ஜூன் 2 அன்று வந்த தீர்ப்பு மூன்று விதமாக அமைந்தது. எட்டுப் பேரின் ஆயுள் தண்டனை உறுதியானது. இருவரின் தண்டனை ஐந்தாண்டுகளாகக் குறைந்தது. ஐவரின் விடுதலையை எதிர்த்த தாயாரின் மேல்முறையீடு தள்ளுபடியானது. முதன்மைச் சாட்சி பிறழ்ந்தும் தண்டனை நிலைத்ததற்குக் காரணம், கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவும் சூழ்நிலைச் சான்றுகளும் முன்பே விசாரணைப் பதிவில் ஏறியிருந்ததுதான்.

நாம் கொள்ள வேண்டிய பாடம் இது: மேல்முறையீட்டின் வெற்றி, விசாரணை நீதிமன்றத்திலேயே பெரும்பாலும் தீர்மானிக்கப்படுகிறது. பதிவில் ஏறாத உண்மையை மேல்நீதிமன்றம் காண்பது அரிது. ஆகவே கேமராப் பதிவுகளை அழியுமுன் கைப்பற்றக் கோருவோம். மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழ் இணைக்கப்பட்டதா எனப் பார்ப்போம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோர் தம் தரப்பைச் சொல்லும் உரிமையையும், நீதிமன்ற நடவடிக்கைகளைக் காணொளியாகப் பதிவு செய்யும் கடமையையும் வகுத்துள்ளது. அதை எழுத்து மூலம் கேட்போம்.

அதே சட்டத்தின் 14ஏ பிரிவின்படி, சிறப்பு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். திருத்தணியில் நிகழ்ந்த குற்றமாயின் அது சென்னை. எல்லை தாண்டி நகரியில் நிகழ்ந்ததாயின் அமராவதியிலுள்ள ஆந்திர உயர் நீதிமன்றம். விடுதலைத் தீர்ப்பு வந்த நாளிலேயே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிப்போம். தண்டனைத் தீர்ப்பு வந்தாலும் கோப்பை மூடி வைக்க வேண்டாம்; எதிர்த்தரப்பின் மேல்முறையீடு வரும் நாளில் நாமும் அந்த மன்றத்தில் இருக்க வேண்டும்.