கோயில் வாசலில் கூரத்தாழ்வான்

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரம் என்னும் சிற்றூரில் பெருஞ்செல்வராய் வாழ்ந்து, அச்செல்வம் அனைத்தையும் துறந்து திருவரங்கம் சேர்ந்தவர் கூரத்தாழ்வான். உடையவராகிய ஸ்ரீ ராமாநுஜரின் தலையாய சீடர். உடையவர் திருவாய் மலர்ந்தருள ஸ்ரீபாஷ்யத்தை ஏட்டில் எழுதிய கை அவருடையது. அந்தக் கையிடம்தான் சோழ வேந்தன் ஒருவன் ஓர் ஒப்பம் கேட்டான்.

சிவனிலும் மேலான தெய்வம் இல்லை என்று வரைந்த ஓலையில் வித்வான்கள் யாவரும் ஒப்பமிட வேண்டும் என்பது அரச ஆணை என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. பலர் இட்டனர். உடையவரும் ஆழ்வானும் இடாத ஓலையால் பயனில்லை என்று மன்னனுக்கு எடுத்துரைத்தவன் நாலூரான், ஆழ்வானிடமே பயின்றவன். சேவகர் மடத்துக்கு வந்தபோது, ஆழ்வான் ஆசாரியரின் காஷாயத்தையும் திரிதண்டத்தையும் தாமே தரித்து, அவராகவே புறப்பட்டார். 105 பிராயத்தவரான பெரிய நம்பியும் உடன் சென்றார். உடையவர் வெள்ளாடை சாற்றி மேல்நாடு எழுந்தருளினார்.

அவையில் ஓலை நீட்டப்பட்டது. 'சிவம்' என்பது ஒரு முகத்தலளவைக்கும் பெயர். அதனினும் 'துரோணம்' பெரிது என்று எழுதி ஒப்பமிட்டார் ஆழ்வான். வெகுண்ட மன்னன் கண்களைப் பறிக்க ஆணையிட்டான். ஆழ்வான் தம் கண்களைத் தாமே களைந்தார் என்பர். கண்ணிழந்த பெரிய நம்பி, திரும்பும் வழியில், மகள் அத்துழாய் அருகிருக்கப் பரமபதித்தார்.

அம்மன்னன் முதற் குலோத்துங்கன் (1070–1120) என்பாரும், இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) என்பாரும் உளர். முதற் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டுகள் திருவரங்கத்திலேயே பல உள்ளன. ஆதலின் இக்கொடுமையைச் சைவத்தின் மேல் ஏற்றுவது முறையன்று. நெஞ்சின் நம்பிக்கையையும் வரி வாங்குவது போல் வாங்கிவிடலாம் என்று எண்ணிய அதிகாரத்தின் பிழை அது.

கண்ணிழந்ததைக் காட்டிலும் கடினமான சோதனை திருவரங்கத்தில் காத்திருந்தது. பெருமாளைச் சேவிக்க வந்த ஆழ்வானை வாசல் காப்போர் தடுத்தனர். உடையவரைச் சார்ந்தோரை உள்ளே விடலாகாது என்பது ஆணை. அவர்களுள் ஒருவன் இரங்கி, இவர் யாருக்கும் தீங்கு எண்ணாத நல்லவர், இவரை விடலாம் என்றான். வாளும் இல்லை, வெகுளியும் இல்லை, ஒரு சலுகைதான். உள்ளே அரங்கன் பள்ளிகொண்டிருக்கிறான். ஓரடி எடுத்து வைத்தால் போதும். தம் குணம் ஆசாரிய சம்பந்தத்தை அறுக்குமானால், அந்தக் குணமும் வேண்டா, அதனால் கிட்டும் சேவையும் வேண்டா என்று ஆழ்வான் திரும்பினார். வன்கண்மைக்கு அஞ்சாதவர் பலர் உண்டு. தமக்கு மட்டும் திறக்கும் கதவை மறுப்பவர் மிகச் சிலரே.

பின்னர்த் திருமாலிருஞ்சோலை சென்று வாழ்ந்தார். அழகர்மீது அவர் அருளிய சுந்தரபாஹு ஸ்தவம் அக்காலத்தது. காட்சியிழந்தவர் பாடிய பேரழகு அது.

அம்மன்னன் மாண்டபின் உடையவர் திருநாராயணபுரத்திலிருந்து மீண்டார். சீடரின் நிலை கண்டு தாங்காமல், காஞ்சி வரதனைத் துதித்துக் கண்களைக் கேட்கும்படி பணித்தார். ஆழ்வான் பாடினார், வரதனும் இரங்கினான். வேண்டிய வரம் கேள் என்றபோது, ஆழ்வானின் வாயில் வந்த பெயர் நாலூரான். தாம் பெறும் பேற்றை அவனும் பெற வேண்டும் என்றார். அவ்வாறே ஆகுக என்று வரதன் அருளினான்.