மோர்பாத் கோவிலின் கறுப்பு உடை



கோவிலில் உள்ள சுரூபம், பூசை உடை, இரசக் கிண்ணம் இவையெல்லாம் யாருடையவை? இந்தக் கேள்வியோடு இன்று இங்கிலாந்து நாட்டின் ஒரு சிற்றூர்க் கோவிலுக்குள் நுழைவோம்.

டெவன் பகுதியில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் தெற்கு ஓரத்தில் மோர்பாத் என்றோர் ஊர் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்தவை சுமார் 33 குடும்பங்களே. ஆடு மேய்த்தும் நிலத்தை உழுதும் பிழைத்த எளிய மக்கள். அவர்களுடைய கோவில் புனித ஜார்ஜியார் பெயரால் விளங்கியது. 1520-இல் கிறிஸ்டோபர் ட்ரிக்கி என்னும் குரு அங்கே பங்குத்தந்தையாக வந்தார். 1574-இல் இறக்கும்வரை, 54 ஆண்டுகள், அந்த ஊரை விட்டு அவர் போகவில்லை. கோவிலின் வரவு செலவைத் தம் கைப்பட எழுதி, மக்கள் கேட்க வாசித்தார். அந்தக் கணக்கேடு இன்றும் இருக்கிறது. ஏமன் டஃபி என்ற வரலாற்றாசிரியர் 2001-இல் வெளியிட்ட நூல் அதை உலகறியச் செய்தது.

அந்த ஏட்டைப் புரட்டினால் நாம் காண்பது என்ன? மாதாவுக்கும் புனிதர்களுக்கும் சொந்தமாக ஆடுகள் இருந்தன! ஊரார் அவற்றைத் தங்கள் மந்தையோடு சேர்த்து வளர்த்தார்கள். கம்பளி விற்ற காசில் சுரூபங்களுக்கு முன் விளக்கு எரிந்தது. இளைஞர்களுக்கு ஒரு நிதி, இளம்பெண்களுக்கு ஒரு நிதி. புதிய பங்குத்தந்தை தந்த புனித சிட்வெல் சுரூபத்துக்குப் பெண்கள் தங்கள் செபமாலைகளைக் காணிக்கையாக விட்டுச் சென்றார்கள். வெள்ளியில் ஒரு காலணியும் செய்து வைத்தார்கள். 1534-இல் திருடன் ஒருவன் புகுந்து அந்தக் காலணியையும் இரசக் கிண்ணத்தையும் கொண்டுபோனான். ஊரின் இளைஞர்களும் இளம்பெண்களும் பணம் சேர்த்துப் புதிய கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்கள்.

தந்தைக்கு ஓர் ஆசை இருந்தது. இறந்தோருக்காக நிறைவேற்றும் திருப்பலிக்கு நல்லதொரு கறுப்பு உடை வேண்டும். அதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் சேர்த்தபின், 1547-இல் அந்த உடை வந்துசேர்ந்தது. அதே ஆண்டில் எட்டாம் ஹென்றி இறந்து, சிறுவனான ஆறாம் எட்வர்டு அரியணை ஏறினான். சுரூபங்களை அகற்றக் கட்டளை வந்தது. விளக்குகள் அணைந்தன. புனிதர்களின் ஆடுகள் விற்கப்பட்டன. 1549-இல் பழைய திருப்பலி முறையே தடைசெய்யப்பட்டது. காத்துக் காத்து வாங்கிய கறுப்பு உடைக்கு இடமில்லாமல் போயிற்று.

அந்த ஆண்டு மேற்குப் பகுதி மக்கள் பழைய வழிபாட்டைத் திரும்பக் கேட்டு எழுந்தபோது, மோர்பாத் தன் இளைஞர் ஐவரைச் செலவுக்குக் காசு கொடுத்து எக்ஸீட்டர் நகருக்கு அருகிலிருந்த முகாமுக்கு அனுப்பியது. அரசப் படை அந்த எழுச்சியை இரத்தத்தில் நசுக்கியது.

1553-இல் மேரி அரசியானபோது, வீடுகளில் மறைத்து வைத்திருந்த பொருள்களை மக்கள் கோவிலுக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். தங்களுடையது என்று அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. 1558-இல் எலிசபெத் வந்ததும் எல்லாம் மறுபடி மாறியது. தந்தை ட்ரிக்கி புதிய முறைக்கு இணங்கித் தம் மக்களோடு தங்கிவிட்டார். சில குருக்கள் நாடுகடந்தார்கள், சிலர் பின்னாளில் உயிரையே கொடுத்தார்கள். அவர்களை நினைக்கும்போது இவருடைய முடிவு நம்மை உறுத்துகிறது. ஆனாலும் தீர்ப்பிடுவது நம் வேலை அல்ல. அவர் உள்ளத்தை அறிந்தவர் ஆண்டவர் ஒருவரே.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். திருடன் கிண்ணத்தை எடுத்துச் சென்றான். அரசன் ஆடுகளை விற்க வைத்தான். செபமாலையைக் காணிக்கையாக்கிய பெண்ணின் அன்பை எவராலும் எடுக்க முடியவில்லை. கோவில் பொருள்கள் கடவுளுடையவை. ஏழைகளின் கைகள் வழியாக அவை அவரிடம் சேருகின்றன. நாம் கொடுக்கும் சிறிய காணிக்கையும் அப்படியே அவரிடம் சேரும். அது எத்தனை நாள் நிலைக்கும் என்று கணக்குப் பார்க்காமல் கொடுப்போம்.

மோர்பாத்தில் உறங்கும் அந்த விசுவாசிகளுக்கு நித்திய இளைப்பாற்றி அளித்தருளும் ஆண்டவரே! ஆமென்.