தஞ்சை மன்னர்களில் முதலிடம் யாருக்கு?

1948-ஆம் ஆண்டில் ஆர்தர் ஷ்லெசிஞ்சர் என்னும் அமெரிக்கச் சரித்திரப் பேராசிரியர், தம்மை ஒத்த அறிஞர்கள் 55 பேரிடம், தம் நாட்டை ஆண்ட ஜனாதிபதிகளைத் தகுதிக்கேற்ப வரிசைப்படுத்தித் தருமாறு வேண்டி, வந்த முடிவை ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். அடிமைத்தளையை அறுத்த லிங்கன் முதலிடத்தையும், குடியரசின் முதல் தலைவரான வாஷிங்டன் இரண்டாம் இடத்தையும், உலகப் போரின்போது நாட்டை நடத்திய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மூன்றாம் இடத்தையும் பெற, கிராண்ட், ஹார்டிங் ஆகிய இருவரும் அடித்தட்டுக்குத் தள்ளப்பட்டனர். அன்று முதல் அந்நாட்டில் அந்த விவாதம் ஓய்ந்ததில்லை.

அதே கேள்வியைக் காவிரி நாட்டிலும் கேட்டுப் பார்ப்பது தகும். கி.பி. 850-ஐ ஒட்டி விஜயாலய சோழன் தஞ்சையைக் கைக்கொண்டது முதல், 1855-இல் மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் சந்ததியின்றி இறந்ததைக் காரணம் காட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அந்த ராஜ்யத்தை முடித்துவைத்தது வரை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் காலம் இந்த மண்ணை ஆண்டவர்களில் யார் சிறந்தவர்? ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரை எடைபோட ஜனங்களின் வாக்கே ஒரு தராசாகும். பிறப்பால் அரியணை ஏறியவருக்கு அந்தத் தராசு இல்லை. புலவர் பாடிய புகழோ, சாசனங்களின் தலைப்பில் வரும் மெய்க்கீர்த்தியோ பயன்படா. ஏனெனில் வென்ற நாடுகளை அடுக்கிச் சொல்லும் அவை, அவ்வாண்டு குறுவை விளைந்ததா, காய்ந்ததா என்பதைச் சொல்வதில்லை. ஆகவே இந்த நாட்டு அரசனைக் கடைமடையில் நின்று அளப்பதே நியாயம் என்பது என் துணிபு. தலைமடையில் நீர் புரளும்போது எல்லா அரசனும் நல்லவனாகவே தோன்றுவான். வாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் போய்ச் சேர்ந்ததா, அங்கே உழுதவன் வீட்டுக்கு நெல் வந்து சேர்ந்ததா என்பதில்தான் ஆட்சியின் தகுதி வெளிப்படுகிறது.

இந்த அளவுகோல் நானாகப் புனைந்ததன்று. முடிகொண்டான் ஆறு, வீரசோழன் ஆறு, விக்கிரமன் ஆறு என்று சோழ வேந்தரின் பெயர்களும் விருதுகளும் ஆறுகளின் மீது படிந்திருப்பதையும், வீரநாராயணன் என்று பட்டம் பூண்ட முதற் பராந்தகனை மறந்துவிட்டவர்களும் வீராணம் ஏரியின் பெயரை அன்றாடம் உச்சரிப்பதையும் பார்த்தால், காவிரி நாட்டார் தம் அரசர்களை எதைக்கொண்டு நினைவில் வைத்தார்கள் என்பது விளங்கும். கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்பதற்கு அக்காலத்துச் சாசனம் ஒன்றைக் காட்ட இயலாவிடினும், தலைமுறை தலைமுறையாக அந்தப் பெருமையை இந்நாட்டார் அவனிடமிருந்து பறித்ததே இல்லை.

இராசராசனிடம் வருவோம். 985 முதல் 1014 வரை ஆண்ட அவனுக்கு முதலிடம் தருவதில் பலரும் என்னோடு உடன்படுவர். ஆனால் காரணத்தில் நான் அவர்களிடமிருந்து வேறுபடுகிறேன். ஈழத்தின் மீது படை செலுத்தியதும், தஞ்சைப் பெரிய கோயிலின் விண்ணளாவிய விமானத்தை எழுப்பி 1010-இல் நிறைவேற்றியதும் பெருஞ்செயல்களே எனினும், அவற்றினும் பெரியது என்று நான் கருதுவது, 1001-ஐ ஒட்டி அவன் தொடங்கிவைத்த நில அளவை. ஒரு வேலி நிலத்தை 5,242 கோடியே 88 லட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறு வரை அவன் காலத்துக் கணக்கர் கணக்கிட்டனர் என்பதைப் பெரிய கோயிலின் சுவர்களே சொல்லுகின்றன. அத்தனை நுண்மை நிலத்தில் கோல் வைத்து அளப்பதற்கு அன்று, வரிக் கணக்கில் வழுவாமைக்கே வேண்டியது. அளவில்லாத இடத்தில் அதிகாரியின் மனம்போல் வரி ஏறும். அளவு கல்லிலேறிய பிறகு குடியானவன் அதைச் சுட்டிக்காட்டி வாதிட முடியும். அக்கோயிலில் ஆடப் பணிக்கப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரையும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார் என்பதையும், ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதையும், ஒருவர் இறந்தால் அந்தப் பங்கு அவருடைய சுற்றத்தாரில் எவருக்குச் செல்லும் என்பதையும் கல்லில் எழுதிவைத்த அரசனைச் சரித்திரத்தில் வேறெங்கே காணப்போகிறோம்?

எனினும், அதே சுவர்களை முழுவதும் படிக்கிறவர் தலைகுனிந்தே ஆக வேண்டிய இடமும் உண்டு. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி நீங்கிய நிலங்கள் இவை என்று பட்டியல் இடுகையில், ஊர்நத்தம், குளம், வாய்க்கால் என்பவற்றோடு பறைச்சேரியும், அச்சேரியாருக்கென்று தனியே ஒதுக்கப்பட்ட சுடுகாடும், தீண்டாச்சேரி என்ற பெயரும் அவற்றில் வருகின்றன. கடைமடையில் சேற்றில் நின்று நாற்று நட்டவர்கள் அக்கணக்கில் எந்த இடத்தில் எழுதப்பட்டார்கள் என்பதை மறைத்துவிட்டு அவனைப் புகழ எனக்கு மனம் ஒப்பவில்லை. முதலிடத்தை அவனுக்கே தருகிறேன். இந்தக் குறையையும் சேர்த்தே தருகிறேன்.

கங்கைக்கும் கடாரத்துக்கும் படை அனுப்பிய இராசேந்திரன், தலைநகரையே கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றிக்கொண்டான். சோழகங்கம் என்னும் பேரேரியின் பொருட்டு அவனை வணங்குகிறேனாயினும், தஞ்சையின் கணக்கில் அவனுக்கு மூன்றாம் இடமே தருவேன். இரண்டாம் இடம், 1070-இல் பட்டமேறிய அவன் மகள் வயிற்றுப் பேரன் முதற் குலோத்துங்கனுக்கு. 1086-இல் நிலத்தை மீண்டும் அளக்கச் செய்ததோடு, வழிச்சுங்கத்தை நீக்கிச் சுங்கம் தவிர்த்தவன் என்னும் பட்டத்தை அடைந்தான். வென்ற நாட்டின் பெயரால் வந்த விருதுகளுக்கு நடுவில், வாங்காமல் விட்ட வரியின் பெயரால் வந்த இந்த விருது தனித்து ஒளிர்கிறது.

நாயக்கர்களில் ரகுநாதர் ஒருவரையே நிறுத்திப் பார்க்க வேண்டும். கவியாகவும் சங்கீத வித்துவானாகவும் விளங்கி, தஞ்சாவூர் வீணைக்கு இன்றைய அமைப்பை வகுத்தவர் என்று போற்றப்படும் அவர், 1620-இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கோட்டை கட்ட இடமளித்து, அவர்களுடைய மன்னருக்குத் தங்க ஏட்டில் தமிழில் ஓலை விடுத்தார். கலைகளுக்கு அவர் முதல்வர், கடைமடைக்கு அல்லர்.

மராட்டியர் காலத்தில்தான் என் அளவுகோல் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுகிறது. இரண்டாம் துளஜாவின் நாளில், 1773-இல் ஆர்க்காட்டு நவாபும் கம்பெனிப் படையும் சேர்ந்து தஞ்சையைப் பறித்தனர்; 1776-இல் கம்பெனியார் அதைத் திருப்பித் தந்தனர். 1781-இல் ஹைதர் அலியின் சேனை புகுந்து வயல்களைப் பாழாக்கி, ஜனங்களைச் சிறைபிடித்துச் சென்றது. படையெடுப்புக்கு மன்னர் பொறுப்பல்லர் என்பது உண்மையே. ஆனால் அதன்பின், கெடுபிடி வசூலுக்கு அஞ்சி நிலத்தைப் போட்டுவிட்டு ஓடிய உழவர்கள் அரசாங்கத்தின் அழைப்பை நம்பாமல் இருந்தபோது, ஷ்வார்ட்ஸ் என்னும் ஜெர்மன் பாதிரியார் தம் சொல்லைப் பிணையாகக் கொடுத்ததும் 7,000 பேர் திரும்பி வந்தனர் என்று அவருடைய சரித்திரங்கள் கூறுகின்றன. அரசன் சொல்லை நம்பாத குடிகள் அயல்நாட்டார் ஒருவரின் சொல்லை நம்பித் திரும்பிய அந்த நாளைக் கருதியே துளஜாவை வரிசையின் கடைசியில் வைக்கிறேன்.

அவருடைய சுவீகார புத்திரரும், ஷ்வார்ட்ஸின் மாணாக்கருமான இரண்டாம் சரபோஜியை எங்கே வைப்பது? 1798-இல் பட்டமேறிய மறு ஆண்டே, ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பெற்றுக்கொண்டு ராஜ்ய நிர்வாகத்தைக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தவர் அவர். வாய்க்கால் அவர் கையில் இல்லை, வரியும் இல்லை. எஞ்சிய செல்வத்தைக்கொண்டு சரஸ்வதி மஹாலில் சுவடிகளைச் சேர்த்தார். தேவநாகரி அச்சுக்கூடம் வைத்தார். கண் நோயாளிகளின் நிலையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே படத்தோடு எழுதிவைக்கச் செய்தார். ஒரத்தநாட்டில் சத்திரம் எழுப்பி வழிப்போக்கருக்கு அன்னமிட்டார். ஆளும் உரிமை பறிபோன பின்னும் ஆளுகிறவனுடைய கடமையை உதறாத இவருக்கு நான்காம் இடம் தருகிறேன்.

அவர் 1832-இல் மறைந்தார். அப்போதே காவிரியின் படுகை மணலேறி உயர்ந்து, நீர் தாழ்வான கொள்ளிடத்தில் வழிந்தோட, தஞ்சை வயல்கள் வறண்டுவந்தன. 1836-இல் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி அந்த நீரைக் காவிரிக்குத் திருப்பினார். அந்த ஆண்டில் தஞ்சை அரியணையில் இருந்தவர் இரண்டாம் சிவாஜி. கடைமடை பெற்ற நீரை அவருடைய கணக்கில் வரவு வைக்க வழியில்லை.