ஏர்செல் சேவை முடக்கம் (2018)

ஏர்செல் சேவை முடக்கம் என்பது 2018 பிப்ரவரி மாதம் தமிழ்நாட்டில் ஏர்செல் நிறுவனத்தின் கைப்பேசிச் சேவை பரவலாகச் செயலிழந்த நிகழ்வு. பழுதற்ற கைப்பேசிகளுக்கும் அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் வராமல் போயின. ஒரு நிறுவனத்தின் நிதி நெருக்கடி எளிய மனிதரின் வங்கிக் கணக்கையும் தொழிலையும் எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதைத் தமிழகம் அப்போது கண்டது.

பின்னணி

இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குச் செய்யப்பட்டது. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். தொடக்க ஆண்டுகளில் அழைப்பவர் மட்டுமின்றி, அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. இதனால் அழைப்பு வந்தாலும் எடுக்கத் தயங்கியவர்கள் பலர். 2003 மே மாதம் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதன்பின் கைப்பேசி சிற்றூர்களுக்கும் வேகமாகப் பரவியது. பணம் இல்லாவிட்டாலும் எண் உயிருடன் இருந்தால் போதும், அழைப்பு வரும் என்ற நம்பிக்கை உருவானது.

ஏர்செல் 1999-ல் சி. சிவசங்கரனால் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. 2006-ல் மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனம் இதன் 74 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. 2008-ல் தொடங்கிய ஐ.பி.எல். போட்டிகளில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் சட்டையில் இடம்பெற்றதால் ஏர்செல்லின் பெயர் மேலும் பரவலாயிற்று. தமிழகத்தின் முன்னணிச் சேவை நிறுவனங்களுள் ஒன்றாக அது இருந்தது.

வீழ்ச்சி

2010-ல் நடந்த ஏலத்தில் 13 வட்டங்களுக்கான 3ஜி அலைக்கற்றையை ஏர்செல் சுமார் 6,500 கோடி ரூபாய்க்குப் பெற்றது. பெருங்கடன், சட்டச் சிக்கல்கள், கட்டணப் போட்டி ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ சேவைக்கு வந்தபின் மற்ற நிறுவனங்களின் வருவாய் வெகுவாகக் குறைந்தது. அதே மாதத்தில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்துடன் அறிவிக்கப்பட்ட இணைப்பு, 2017 அக்டோபரில் கைவிடப்பட்டது. 2018 ஜனவரி இறுதியில் குஜராத், மகாராஷ்டிரம் உள்ளிட்ட ஆறு வட்டங்களில் ஏர்செல் சேவையை நிறுத்திக்கொண்டது.

பிப்ரவரி 21-ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் அலைவரிசை மறையத் தொடங்கியது. கோபுரங்களை வாடகைக்கு விட்டிருந்த நிறுவனத்துடனான பணத் தகராறே இதற்கு உடனடிக் காரணம். கோபுரங்கள் நின்றிருந்த இடத்திலேயே நின்றன; அவற்றிலிருந்து வரவேண்டிய அலை மட்டும் வரவில்லை. மாத இறுதியில் ஏர்செல் திவால் நடவடிக்கை கோரி மும்பையிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகியது. அப்போது அதன் கடன் ஏறத்தாழ 15,500 கோடி ரூபாய்.

அழைப்பு வந்துசேரும் வழி

கைப்பேசி தான் இருக்கும் இடத்தை அருகிலுள்ள கோபுரத்தின் வழியாகத் தன் நிறுவனத்தின் பதிவேட்டில் தொடர்ந்து தெரிவித்துக்கொண்டிருக்கும். எவரேனும் அழைக்கும்போது அந்தப் பதிவேட்டைப் பார்த்து, உரிய பகுதியின் கோபுரங்கள் அந்தக் கைப்பேசியைக் கூவி அழைக்கும். அழைப்பவர் வேறு நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்றால், இரு நிறுவனங்களுக்கும் இடையிலான இணைப்புத் தடமும் வேண்டும். இவற்றுள் எது அறுந்தாலும் மணி ஒலிக்காது.

குறுஞ்செய்தியின் வழி சற்று வேறு. அது முதலில் ஒரு மையத்தில் சேமிக்கப்பட்டு, கைப்பேசி அலைவரிசைக்குள் வந்ததும் அனுப்பப்படும். எனவேதான் சிறிது நேரம் அலை கிடைத்தபோது பழைய செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. ஆனால் சில நிமிடங்களே செல்லுபடியாகும் வங்கிக் கடவுச்சொல், தாமதமாக வந்து பயனில்லை.

பாதிப்பு

அன்று பலரும் முதலில் சந்தேகித்தது தம் கைப்பேசியைத்தான். அணைத்துப் போடுதல், சிம் அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டுதல், கடைக்காரரிடம் காட்டுதல் ஆகிய எதற்கும் பலன் இல்லை. நிறுவனத்தின் கடைகள் முன் மக்கள் திரண்டனர்.

எண் என்பது அப்போது வெறும் தொடர்பு வசதியாக மட்டும் இருக்கவில்லை. வங்கிக் கணக்கு, எரிவாயுப் பதிவு, ஆதார் அனைத்தும் அதனுடன் பிணைந்திருந்தன. கைப்பேசி எண்ணை ஆதாருடன் இணைக்க 2018 மார்ச் 31 இறுதி நாள் என அறிவிக்கப்பட்டிருந்தது. மார்ச் 13 அன்றுதான் உச்ச நீதிமன்றம், தீர்ப்பு வரும்வரை அந்தக் கெடுவை நீட்டித்தது. பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடல் போன்ற காஞ்சிபுரம் வட்டாரத்து ஊர்களில், பட்டு நெசவுக்கான தகவலும் கூலிக்கான வங்கிச் செய்தியும் ஒரே எண்ணுக்கு வருவது வழக்கம். அந்த எண் ஊமையானால் வேலையும் பணமும் சேர்ந்தே தடைபடும்.

எண் மாற்றச் சிக்கல்

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருந்தது. அதற்கு 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, பதிலாக வரும் 8 எழுத்துக் குறியீட்டைப் புதிய நிறுவனத்திடம் தரவேண்டும். செய்தியே போகாத, வராத வலையமைப்பில் இந்த வழி அடைபட்டது. வெளியேறும் கதவின் சாவி பூட்டிய அறைக்குள்ளேயே இருந்தது. மக்கள் அலை கிடைக்கும் இடங்களைத் தேடி அலைந்தனர். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, குறியீடுகள் ஏப்ரல் 15 வரை செல்லும்படி ஏற்பாடு செய்தது. செலவழியாத இருப்புத் தொகையைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது.

பழுதைக் கண்டறிதல்

அழைப்பு வராதபோது பழுது எங்கே என்பதைப் படிப்படியாகவே அறியவேண்டும் என்பது இந்நிகழ்வு தந்த பாடம். அருகிலுள்ள அதே நிறுவனத்தாரின் கைப்பேசிகளும் இயங்கவில்லை என்றால் குறை வலையமைப்பில் உள்ளது. தன் கைப்பேசி மட்டும் இயங்காவிட்டால், சிம் அட்டையை வேறு கருவியில் பொருத்திப் பார்க்கலாம். அங்கு வேலைசெய்தால் பழுது கருவியிலோ அதன் அமைப்பிலோ இருக்கிறது. விமானப் பயன்முறை, தொந்தரவு செய்யாதே அமைப்பு, தடைப்பட்டியல், அழைப்பு திருப்பிவிடல் ஆகியவற்றைச் சரிபார்க்கவேண்டும். நிறுவனம் மாறியபின் வெளியே பேசமுடிந்தும் அழைப்பு வராவிட்டால், பிற நிறுவனங்களின் பதிவேட்டில் புதிய வழி சேராதிருக்கலாம். சிம் அட்டையை மாற்றியபின் 24 மணிநேரம் குறுஞ்செய்தி தடுக்கப்படுவது பிற்கால விதி, அது பழுதன்று. ஆனால் காரணமின்றித் திடீரெனச் சேவை நின்றால், எவரேனும் போலி சிம் பெற்றிருக்கக்கூடும் என்பதால் நிறுவனத்தையும் வங்கியையும் உடனே அணுகவேண்டும்.

முக்கியத்துவம்

2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு முடங்கியபோது, அவசர அழைப்புகளும் பணப் பரிவர்த்தனைகளும் தடைபட்டன. அது தொழில்நுட்பக் கோளாறு, விரைவில் சரிசெய்யப்பட்டது. ஏர்செல் மீண்டு வரவில்லை. வாடிக்கையாளர்கள் தம் எண்களை எடுத்துக்கொண்டு பிற நிறுவனங்களுக்குச் சென்றனர். ஏர்செல்லின் தொடர் எண்களில் தொடங்கும் பல கைப்பேசி எண்கள் இன்றும் வேறு நிறுவனங்களின் வழியே ஒலிக்கின்றன.