ரோம வாள் நகல்கள்

பண்டைய ரோமக் காலாட்படையின் குட்டை வாளான கிளாடியஸைப் பார்த்துக் கைவினையாகச் செய்யப்படும் வாள்கள். இந்தியாவில் இதற்குப் பெயர்பெற்ற ஊர் தேராதூன். 1943இல் அங்கே தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனம் கூர்க்காப் படைகளுக்குக் குக்ரி என்னும் வளைகத்தி செய்து வளர்ந்தது. மேலைநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கான பழங்கால வாள்கள் பின்னர் வந்தவை. கிளாடியஸ் வகைகளில் அதிகம் நகலெடுக்கப்படுவது பாம்பேய் வகை: நேர்கோடாக ஓடும் இரு விளிம்புகள், குட்டையான முக்கோண முனை, ஏறத்தாழ அரை மீட்டர் அலகு. கைப்பிடியில் விரல் பதியும் பள்ளங்கள், அடியில் உருண்டைக் குமிழ். அலகின் வால் கைப்பிடியை ஊடுருவிச் சென்று குமிழுக்கு அப்பால் அறைந்து மடக்கப்படும். மலிவுச் சரக்கில் முதலில் ஆட்டம் காண்பது இந்த இடம்தான். ரோமக் கொல்லரின் இரும்பில் கரிச்சத்து சீராக இராது. இன்றைய உயர்கரி எஃகு ஒரே சீர். அந்த மட்டில் நகலே உறுதியானது.